நர்சுப் பரீட்சையும் உருப்போடுதலும்

நம் நாட்டில் படிப்பு என்பதற்கு நெடுங்காலமாகவே உருப்போடுதல் என்பதுதான் அர்த்தமாக இருந்து வருகின்றது. பொருள் தெரிந்து தடுமாறிச் சொல்லுகின்றவனைவிட, பொருள் தெரியாமல் தங்குதடையின்றி ஒப்பிக்கின்றவனே கெட்டிக்காரன் என்று பெயர் வாங்குகின்றான். மற்றப் படிப்புகளில் இந்தப் பழக்கத்தால் உண்டாகும் நஷ்டம் பெரும்பாலும் படித்தவனோடு நின்றுவிடும். சரித்திரத்தை உருப்போட்டவன் பரீட்சை முடிந்த மறுமாதமே வருஷங்களை மறந்து போவான். அதனால் யாருடைய உயிரும் போய்விடப் போவதில்லை. ஆனால் நர்சுப் படிப்பில் சங்கதி அப்படியல்ல. அங்கே உருப்போட்டவர் ஒருவர், நஷ்டமடைகின்றவர் வேறொருவர். அந்த வேறொருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாய் பேசமுடியாமல் கிடக்கின்ற நோயாளி. ஆகவேதான் இவ்வாரம் இதைப்பற்றி நாம் எழுத நேர்ந்தது.

சமீபத்தில் நாம் நேரில் கண்டதைச் சொல்லுகின்றோம். நமது வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு தாயார் பூக்கட்டி விற்று, தமது ஒரே மகளை நர்சுப் படிப்பில் சேர்த்திருக்கின்றார். பெண் உழைப்பாளி. பரீட்சைக் காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். ஒரு நாள் மாலை, "ஹைப்போகிளைசீமியா - டயஃபோரிசிஸ், டிரெமர், டாக்கிகார்டியா, கன்ஃப்யூஷன்" என்று பத்துத் தரம் திருப்பித் திருப்பிச் சொல்லிக் கொண்டிருந்தாள். "இவையெல்லாம் ஏன் உண்டாகின்றன, அம்மா?" என்று கேட்டோம். "அதெல்லாம் கேக்கமாட்டாங்க மாமா. நாலு அறிகுறி எழுதினா நாலு மார்க்கு" என்றாள். நாலு மார்க்கும் வாங்கினாள் என்று பிறகு தெரிந்தது.

பரீட்சை முடிந்து சில நாட்கள் கழித்து, விடியற்காலையில் அந்த வீட்டில் கூக்குரல் கேட்டு ஓடினோம். தாயார் நீரிழிவுக்காக இன்சுலின் போட்டுக்கொள்ளுகின்றவர். முதல்நாள் இரவு ஊசியைப் போட்டுக்கொண்டு, அசதியினால் சாப்பிடாமலே படுத்துவிட்டாராம். ரவிக்கை தொப்பலாக நனைந்து, கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் ஏதேதோ பேசிக் கொண்டிருந்தார். கூடியிருந்தவர்களில் ஒருவர் "காத்துக் கருப்பு" என்றார். மற்றொருவர் விபூதி கொண்டுவர ஓடினார். பெண்ணோ கையைப் பிசைந்துகொண்டு அழுது கொண்டிருந்தாள். நல்ல வேளையாக, எதிர்வீட்டு வயோதிக அம்மாள் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "முழுங்க முடியுதா பாரு முதல்ல" என்று சொல்லி, சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து மெள்ளக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் தாயார் தெளிந்து, "ஏன் எல்லாரும் வந்து நிக்கிறீங்க?" என்று கேட்டார். அந்த வயோதிக அம்மாள் பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்ல. தாமும் இன்சுலின் போட்டுக்கொள்ளுகின்றவராதலால், தமக்கு இப்படி வந்தபோது என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று கேட்டுத் தெரிந்து வைத்திருந்தார், அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணின் நோட்டில் 'டயஃபோரிசிஸ்' இருந்தது. அவள் கண்முன்னால் தாயின் ரவிக்கை நனைந்திருந்தது. இரண்டும் ஒன்று என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இதற்காக அந்தப் பெண்ணை நாம் குறை சொல்ல வரவில்லை. பெயரைச் சொன்னால் மார்க்கு, காரணத்தைச் சொன்னால் மார்க்கு இல்லை என்று ஒரு ஏற்பாடு இருக்குமானால், ஏழை வீட்டுப் பெண் எதைப் படிப்பாள்?

நாளமில்லாச் சுரப்பிகளின் வியாதிகள் என்ற பாடமே நர்சு மாணவ மாணவிகளை மிகவும் பயமுறுத்துகின்ற பாடமென்று கேள்விப்படுகின்றோம். பிட்யூட்டரி, தைராய்டு, பாராதைராய்டு, அட்ரீனல், கணையம் என்று சுரப்பிகள் பல. ஒவ்வொன்றுக்கும் மிகுதியால் ஒரு வியாதி, குறைவால் ஒரு வியாதி. ஒவ்வொரு வியாதிக்கும் பத்து அறிகுறிகள். இவற்றைப் பட்டியல் பட்டியலாக மனனம் செய்தால் எந்த மூளைதான் தாங்கும்? பரீட்சை மண்டபத்தில் ஒரு பட்டியல் மற்றொன்றோடு கலந்துபோவதில் ஆச்சரியமில்லை. ஆனால் இந்தப் பட்டியல்களுக்கு அடியில் இருக்கின்ற காரண காரியத்தைப் பிடித்துக்கொண்டால், முக்கால்வாசிப் பாரம் இறங்கிவிடும். அந்தக் காரண காரியத்தைச் சொல்லும் பாடத்திற்குத்தான் பாத்தோபிஸியாலஜி என்று பெரிய பெயர் வைத்திருக்கின்றார்கள். உடம்பில் எது கெட்டது, அது கெட்டதால் அடுத்தது என்ன கெட்டது, அதற்கு உடம்பு என்ன பதில் செய்கின்றது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போவதே அது.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். இந்தச் சுரப்பிகளுக்குக் குழாய் கிடையாது. தாம் செய்த சரக்கை நேரே இரத்தத்தில் விட்டுவிடுகின்றன. அந்தச் சரக்குக்கு ஹார்மோன் என்ற பெயரை 1905-ல் இங்கிலாந்தில் ஸ்டார்லிங் என்ற ஆராய்ச்சியாளர் வழங்கினார். இவற்றில் பல எப்படி அடக்கி ஆளப்படுகின்றன என்பதைக் கிராமத்தார் எளிதில் தெரிந்துகொள்ளலாம். கலெக்டர் தாசில்தாருக்கு உத்தரவிடுகின்றார். தாசில்தார் கிராம அதிகாரிக்கு உத்தரவிடுகின்றார். வேலை நடந்ததும் மேலே ரிப்போர்ட்டுப் போகின்றது. ரிப்போர்ட்டைக் கண்டதும் மேலிடம் உத்தரவை நிறுத்திக்கொள்ளுகின்றது. மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் கலெக்டர், பிட்யூட்டரி தாசில்தார், கழுத்திலுள்ள தைராய்டு கிராம அதிகாரி. பிட்யூட்டரி அனுப்பும் உத்தரவுக்கு டி.எஸ்.எச். என்று பெயர். தைராய்டு செய்யும் வேலைக்குத் தைராக்சின் என்று பெயர்.

இப்பொழுது யோசித்துப் பாருங்கள். கிராம அதிகாரி வேலை செய்யாவிட்டால் மேலிருந்து உத்தரவுக்குமேல் உத்தரவு வராதா? ஆகவே தைராய்டே கெட்டுப்போன இடத்தில் தைராக்சின் குறைந்தும் டி.எஸ்.எச். கூடியும் இருக்கும். தாசில்தாரே தூங்கிவிட்டால்? உத்தரவும் இல்லை, வேலையும் இல்லை. தைராக்சின் குறைந்திருந்தும் டி.எஸ்.எச். கூடியிராது. கிரேவ்ஸ் வியாதி என்பது என்ன? உடம்பின் எதிர்ப்புப் பொருள் ஒன்று டி.எஸ்.எச். உட்காரவேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, கள்ளக் கையெழுத்துப் போட்ட உத்தரவைப்போல் தைராய்டை ஓயாமல் வேலை வாங்குகின்றது. வேலை மிதமிஞ்சி நடக்கின்றது என்ற ரிப்போர்ட்டைக் கண்டு உண்மையான தாசில்தார் உத்தரவை நிறுத்திக்கொள்ளுகின்றார். ஆகவே தைராக்சின் கூடி, டி.எஸ்.எச். குறைந்திருக்கும். ஆறு பட்டியலில் மனனம் செய்ய வேண்டியதை ஒரு உத்தரவுச் சங்கிலியைக் கொண்டே தெரிந்துகொள்ளலாமல்லவா?

தைராக்சினின் வேலை உடம்பின் அடுப்பை எரியவிடுவது. எரிப்பு மிஞ்சினால் உஷ்ணம் பொறுக்காது, வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், தின்றும் மெலியும், மலம் அடிக்கடி போகும். எரிப்புக் குறைந்தால் குளிர் தாங்காது, தோல் வறளும், நாடி மெதுவாகும், உடம்பு கனக்கும், மலம் கட்டும். ஒன்றைத் தெரிந்துகொண்டவர் மற்றொன்றைத் தலைகீழாகத் திருப்பி எழுதலாம். இரண்டையும் தனித்தனியாக உருப்போட வேண்டிய அவசியம் எங்கே இருக்கின்றது?

இனி நீரிழிவைப் பார்ப்போம். 1889-ல் ஜெர்மானிய வைத்தியர்களான மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட, அந்த நாய்க்கு நீரிழிவு கண்டது. ஒன்றை எடுத்தால் என்ன நேருகின்றது என்று பார்த்த அந்தச் சோதனையினால்தான் வியாதியின் இருப்பிடம் தெரிந்தது. அந்த வழியைப் பிடித்துக்கொண்டு 1921-ல் கனடாவிலுள்ள டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு அது முதன்முதலில் செலுத்தப்பட்டது. முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. மருந்தை மேலும் சுத்தம் செய்து சில நாட்களில் மறுபடி போட்டார்கள். சாகக் கிடந்த பையன் தேறினான். அதற்குமுன் அவ்வகை நீரிழிவு கண்ட குழந்தைகள் பிழைப்பது அரிதாயிருந்தது.

இன்சுலின் இல்லாவிட்டால் சதையும் கொழுப்பும் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ள முடியாது. இரத்தத்தில் அது டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகம் பிடித்து நிறுத்த முடியாமல் வெளியே விட்டுவிடுகின்றது. போகின்ற சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகின்றது. ஆகவே நீர் அதிகம் பிரிகின்றது. நீர் போனதால் தாகம். சர்க்கரை வெள்ளமாக ஓடியும் உடம்பின் அணுக்கள் பட்டினி கிடப்பதால் பசியும் மெலிவும். பட்டினியைத் தீர்க்க உடம்பு கொழுப்பை எரிக்கின்றது. அந்த எரிப்பில் கீட்டோன் என்ற அமிலங்கள் சேருகின்றன. அமிலத்தைக் குறைக்க, கரியமில வாயுவை வெளியே தள்ளும்பொருட்டு, நோயாளி ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விடுகின்றான். மூச்சில் பழவாசனை அடிக்கின்றது. இந்த நோயாளியைக் கண்டு ஆஸ்துமா என்று நினைக்கின்றவர் பட்டியலைப் படித்தவர். இரத்தத்தில் சர்க்கரையைப் பாருங்கள் என்கின்றவர் காரணத்தைப் படித்தவர்.

இதிலேயே உயிருக்கு ஆபத்தான ஒரு சங்கதி இருக்கின்றது. இந்த நிலையில் உடம்பிலுள்ள பொட்டாசியம் சிறுநீரோடு நிறையப் போய்விட்டிருக்கும். ஆனாலும் அணுக்களுக்குள் இருந்தது வெளியே வந்துவிடுவதால் இரத்தப் பரிசோதனையில் சரியாக இருப்பதுபோலவோ அதிகமாக இருப்பதுபோலவோ தோன்றும். இன்சுலின் ஏற்றியவுடன் சர்க்கரையோடு பொட்டாசியமும் அணுக்களுக்குள் புகுந்துகொள்ளும். இரத்தத்தில் திடீரென்று குறைந்து இருதயத்தின் ஓட்டமே தடுமாறும். ஆகவே இன்சுலினைத் தொடங்குமுன் பொட்டாசியத்தைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே மிகவும் குறைந்திருந்தால் முதலில் அதை ஏற்ற வேண்டும். பின்பும் அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "இன்சுலினுக்கு முன் பொட்டாசியம்" என்று ஒரு வரியாக உருப்போட்டவர் வேலை நெருக்கடியில் அதை விட்டுவிடக்கூடும். ஏனென்று தெரிந்தவர் விடுவாரா?

நமது பூக்கார அம்மையாருக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. இன்சுலின் இருந்தது, சாப்பாடு இல்லை. சர்க்கரை 70-க்குக் கீழே போனால் உடம்பு அபாயமணி அடிப்பதுபோல் அட்ரீனலினை விடுகின்றது. அந்த மணியோசைதான் வியர்வையும் நடுக்கமும் படபடப்பும். மூளைக்குச் சர்க்கரையே முக்கிய உணவாதலால், அது குறையக் குறைய உளறலும் மயக்கமும் வருகின்றன. விழுங்கக்கூடிய நிலையிலிருந்தால் 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். தேறாவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது; மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நரம்பின் வழியாகக் குளுக்கோஸோ, குளுக்ககான் ஊசியோதான் கொடுக்க வேண்டும். இந்த உளறலைக் குடிவெறி என்றும், பேய் என்றும், சாமி வந்தது என்றும் சொல்லி எத்தனை வீடுகளில் நேரம் கடத்தப்படுகின்றது!

அட்ரீனல் சுரப்பியிலும் இதே கதைதான். 1855-ல் அடிசன் என்ற ஆங்கில வைத்தியர் விவரித்த வியாதியில் அந்தச் சுரப்பியே அழிந்து போகின்றது. உப்பைப் பிடித்து வைக்கும் ஹார்மோன் இல்லாததால் சோடியம் போகின்றது, பொட்டாசியம் தங்குகின்றது, இரத்த அழுத்தம் விழுகின்றது. சுரப்பி வேலை செய்யவில்லையென்று பிட்யூட்டரி உத்தரவுக்குமேல் உத்தரவு அனுப்புகின்றது. அந்த உத்தரவுப் பொருளுக்குத் தோலைக் கறுக்க வைக்கும் குணமும் இருப்பதால் உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுக்கின்றன. தோல் கறுப்பதற்கும் சிறுநீரகத்தின் மேலே கிடக்கும் ஒரு சுரப்பிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவருக்குத்தான் இது மறக்காது.

இதை நாம் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. மூட்டுவலிக்கும், இழுப்புக்கும், உடம்பு தேறுவதற்கும் என்று வைத்தியர் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குகின்றவர்கள் நம்மிடையில் இருக்கின்றார்கள். வெளியிலிருந்து சரக்கு வருவதைக் கண்டு பிட்யூட்டரி உத்தரவை நிறுத்திவிடுகின்றது. வேலையில்லாத அட்ரீனல் சுருங்கிப் போகின்றது. ஒரு நாள் திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் உடம்பில் வெளிச்சரக்கும் இல்லை, உள்சரக்கும் இல்லை. அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகின்றது. "வேறென்ன மாத்திரை சாப்பிட்டீங்க? எப்ப நிறுத்தினீங்க?" என்று ஆஸ்பத்திரியில் கேட்கத் தெரிந்த ஒரு நர்சு அங்கே ஒரு உயிரைக் காப்பாற்றுகின்றார். அந்தக் கேள்வி உருப்போட்ட பட்டியலிலிருந்து பிறக்காது.

நிற்க, சிலர், "நர்சுக்கு இவ்வளவு எதற்கு? டாக்டர் சொன்னதைச் செய்தால் போதாதா?" என்று கேட்கின்றார்கள். இப்படிக் கேட்பவர்கள் ஒரு இரவு வார்டில் இருந்து பார்க்க வேண்டுமென்று வேண்டிக்கொள்ளுகின்றோம். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போகின்றார். இரவெல்லாம் பக்கத்தில் இருப்பவர் நர்சு. தைராய்டு அறுவை செய்யப்பட்ட ஒருவர் நடுச்சாமத்தில், "சிஸ்டர், வாயோரம் எறும்பு ஊறுற மாதிரி இருக்கு" என்கின்றார். தைராய்டின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும் பாராதைராய்டுகள் அறுவையில் அடிபட்டால் இரத்தத்தில் கால்சியம் குறையும் என்பதும், குறைந்தால் நரம்புகள் துடிக்கும் என்பதும், துடிப்பு முற்றினால் குரல்வளை இறுகி மூச்சே நிற்கும் என்பதும் தெரிந்தவர் உடனே டாக்டரைக் கூப்பிடுவார். தெரியாதவர், "ஒண்ணுமில்ல, தூங்குங்க" என்று விளக்கை அணைத்துவிட்டுப் போவார். டாக்டருடைய உத்தரவு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே இருக்கின்றது? மற்றும், காரணம் தெரியாமல் உத்தரவை மாத்திரம் நிறைவேற்று என்று சொல்வது ஒரு மனிதருடைய அறிவை அவமதிப்பதாகும். அதிலும் நர்சு வேலையில் பெரும்பாலோர் பெண்களாயிருப்பதினாலேயே இந்த வார்த்தை இவ்வளவு தாராளமாகச் சொல்லப்படுகின்றது என்பது நமது அபிப்பிராயம்.

இன்னும் சிலர், "இங்கிலீஷ் வார்த்தைகளே தொண்டையில் சிக்குகின்றன, காரணத்துக்கு எங்கே போவது?" என்கின்றார்கள். அந்த வார்த்தைகளும் மந்திரங்களல்ல. பிரித்துப் பார்த்தால் பல்லைக் காட்டிவிடும். ஹைப்பர் என்றால் மிகுதி, ஹைப்போ என்றால் குறைவு; ஈமியா என்றால் இரத்தத்தில்; கல் என்பது பொட்டாசியம், நாட்ர் என்பது சோடியம், கிளைக் என்பது சர்க்கரை. இந்த ஆறு துண்டுகளைத் தெரிந்துகொண்டால் ஆறு வியாதிநிலைகளின் பெயர்கள் தாமாக வரும்.

ஆகவே பரீட்சைக்குப் படிக்கும் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான். ஒவ்வொரு சுரப்பிக்கும் ஐந்து கேள்விகள் கேளுங்கள்: அது எங்கே இருக்கின்றது? அதன் சரக்கின் வேலை என்ன? அதற்கு உத்தரவிடுவது யார்? மிஞ்சினால் என்ன, குறைந்தால் என்ன? அப்படி நேர்ந்தால் நோயாளியிடம் நான் முதலில் பார்க்க வேண்டியது எது? பதிலைப் புத்தகத்தை மூடிவைத்து ஒரு காகிதத்தில் சங்கிலியாக எழுதுங்கள். சங்கிலி எங்கே அறுகின்றதோ அந்த இடத்தை மட்டும் திறந்து பாருங்கள். பிறகு வீட்டிலிருக்கும் தாயாருக்கோ பாட்டிக்கோ தமிழில் சொல்லிக் காட்டுங்கள். அவர்களுக்குப் புரியும்படி சொல்ல முடியாவிட்டால் அது உங்களுக்கும் புரியவில்லையென்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய வினாத்தாள்களைப் போடும்போது விடை சரியா தப்பா என்று பார்த்து நின்றுவிடாமல், மற்ற மூன்று விடைகளும் ஏன் தப்பு என்று சொல்லிப் பாருங்கள். ஆள் எடுக்கும் பரீட்சைகளிலும், வெளிநாட்டு வேலைக்கான பரீட்சைகளிலும் நோயாளியின் நிலையைச் சொல்லி, முதலில் என்ன செய்வாய் என்று கேட்கின்ற கேள்விகளுக்கு இதைவிடச் சுலபமான வழி நமக்குத் தெரியவில்லை.

உபாத்தியாயர்களுக்கும் ஒரு வார்த்தை. நாலு அறிகுறிக்கு நாலு மார்க்கு என்பதை இரண்டு அறிகுறிக்கு இரண்டு, காரணத்துக்கு இரண்டு என்று மாற்றிப் பாருங்கள். மாணவிகள் ஒரே பருவத்தில் மாறுவார்கள்.

கடைசியாக ஒன்று. மலைப்பிரதேசங்களில் கழுத்துக் கழலையோடும், வளராத உடம்போடும், மந்த புத்தியோடும் பிறந்து வாழ்ந்தவர்களை முன்ஜன்ம வினை என்றும் தலையெழுத்து என்றும் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். பிறகு ஒருவர் ஏன் என்று கேட்டார். மண்ணிலும் தண்ணீரிலும் அயோடின் இல்லை என்று தெரிந்தது. 1962-ல் இந்திய சர்க்கார் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கி, உப்பில் அயோடின் சேர்க்க முற்பட்டது. தைராய்டு வேலை செய்யாமலே பிறக்கும் குழந்தைக்கும், குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்து, முதல் இரண்டு வாரத்திற்குள் தைராக்சின் கொடுக்கத் தொடங்கினால் பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலவே அறிவோடு வளரும். தலையில் எழுதியிருக்கின்றதென்று சொல்லப்பட்ட குறை கழுத்தில்தான் இருந்தது. அந்த ஒரு சொட்டு இரத்தத்தை எடுக்கும் கை ஒரு நர்சின் கைதான்.

பூக்கார அம்மையாரின் மகள் இப்பொழுதும் திண்ணையில்தான் படிக்கின்றாள். முந்தாநாள் அவள் தாயார் பூத்தொடுத்துக்கொண்டே, "அப்ப ஊசி போட்டா உடனே சாப்பிட்ரணும், அதானே சொல்ற?" என்று கேட்டதும், "அதுமட்டுமில்லம்மா, ஏன்னு கேளு" என்று இவள் ஆரம்பித்ததும் நம் காதில் விழுந்தது. மற்ற வீட்டுத் திண்ணைகளிலும் இந்தப் பேச்சு கேட்க வேண்டுமென்பதே நமது ஆசை.